கர்னலின் இரண்டாவது கால்

கண்ணாடிப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. உள்ளே இருந்த பதிவேடுதான் இல்லை.

"பூட்டு பத்திரமா இருக்கு மேடம்," என்றார் கம்பவுண்டர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "அதுவரைக்கும் சந்தோஷம்."

மேடம் பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். முப்பது வருடம் பரீட்சைப் பறக்கும் படையில் இருந்தவர். சட்டைக் காலரிலும் செருப்புக்கு அடியிலும் அளவுகோலின் முதுகிலும் பிட் ஒளித்து வைத்த மாணவர்களைப் பிடித்தவர், பிறகு அவர்களுடைய பிள்ளைகளையும் பிடித்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். பிடிக்கிற பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். கம்பவுண்டர் அவருடைய உதவியாளர். இருபத்தைந்து வருடம் மருந்துக்கடையில் நின்று டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தவர். டாக்டர்கள் கம்ப்யூட்டரில் சீட்டு அடிக்க ஆரம்பித்ததும் வேலை போயிற்று. வாய் போகவில்லை.

அவர்கள் நின்றிருந்தது அந்த ஊரின் ஒரே பெருமையான நீரூற்று விடுதியின் வரவேற்புக் கூடத்தில். தரைக்கடியிலிருந்து அங்கே வெந்நீர் தானாக வரும். கூடவே அழுகிய முட்டை நாற்றமும் வரும். விளம்பரத் தாளில் அதற்குப் பெயர் 'தாது மணம்'.

"இன்னிக்கு நாலு மணிக்குப் பாரம்பரியக் குழு வருது," என்றார் விடுதி மேனேஜர். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் காலணி, கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, சங்கிலியில் ஒரு சிறு சாவி. "நூத்தம்பது வருஷப் பழமைன்னு அவங்க முத்திரை குடுத்தாத்தான் விடுதி நிக்கும். இல்லேன்னா முதலாளிங்க இடத்தைக் கூறு போட்டு வித்துடுவாங்க. எங்ககிட்ட இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பதிவேடு. இங்க வந்து குணமானவங்களோட முதல் பதிவேடு. நேத்து சாயங்காலம் இருந்தது. காலையில இல்லை."

"அதுல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டார் மேடம்.

மேனேஜர் கூடத்தின் நடுவில் நின்ற பளிங்குச் சிலையைக் காட்டினார். மீசை வைத்த ஒரு கர்னல் வலது காலை முன்னால் நீட்டி நின்றுகொண்டிருந்தார். பீடத்தில் பொன்னெழுத்து: 'ஒற்றைக் காலோடு வந்தார். இரண்டு காலோடு போனார்.'

"சண்டையில ஒரு கால் போயிடுச்சு அவருக்கு. நம்ம ஊத்துல ஒரு வாரம் குளிச்சார்."

"முளைச்சிடுச்சா?" என்றார் கம்பவுண்டர்.

"பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு. 'கர்னல். வந்தது கால் ஒண்ணு. போனது கால் ரெண்டு.' அந்தக் காலத்துக் கையெழுத்து சார், லேசுல படிக்க முடியாது. என் மச்சான், காலேஜ் புரொபசர், எட்டு மாசம் உக்காந்து படிச்சு நானூறு பக்கத்துக்குச் சரித்திரம் எழுதியிருக்கார். இந்தாங்க, ஒரு பிரதி."

கம்பவுண்டர் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார். 'குணமளித்த ஊற்று' என்று தங்க நிறத்தில் மின்னியது. "நல்ல கனம். படுத்துத் தூங்க வசதியா இருக்கும்."

"பெட்டிக்கு எத்தனை சாவி?" என்றார் மேடம்.

"ஒண்ணே ஒண்ணு. என் கழுத்துல. ஊத்துல குளிக்கும்போதுகூடக் கழட்டினதில்லை. தினமும் காலையில ஒரு மணி நேரம் முங்கிக் குளிக்கிறேன். அதான் அறுபத்திரண்டு வயசுல இப்படி இருக்கேன்."

"சங்கிலி வெள்ளியா சார்?" என்றார் கம்பவுண்டர்.

"அசல் வெள்ளி."

"இந்தத் தண்ணியில கந்தகம் இருக்கு. வெள்ளி பட்டா ஒரே வாரத்துல கரிச்சட்டி மாதிரி ஆயிடும். உங்க சங்கிலி புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கே."

மேனேஜர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரூம்ல பக்கெட் தண்ணிதான் சார். இந்த நாத்தம் எனக்கு ஒத்துக்காது. துண்டை நனைச்சுத் தோள்ல போட்டுக்கிட்டுக் கூடத்து வழியா ஒரு நடை நடப்பேன். விருந்தாளிங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும் இல்லையா."

கம்பவுண்டர் சட்டைப் பையிலிருந்து பல் குத்தும் குச்சி ஒன்றை எடுத்துப் பூட்டுக்குள் விட்டுத் திருப்பினார். பூட்டு திறந்துகொண்டது.

"இது நல்லவங்களுக்காகப் போட்ட பூட்டு சார். சாவியைப் பத்திக் கவலைப்படாதீங்க."

மேடம் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். சிவப்பு வெல்வெட் துணி. அதன் மேல் கர்னல் தண்ணீர் குடித்ததாகச் சொல்லப்படும் கனமான வெள்ளித் தம்ளர், அசையாமல் இருந்தது. "வெள்ளியை விட்டுட்டுக் காகிதத்தை எடுத்திருக்காங்க," என்றார். "விக்கிறதுக்காகத் திருடலை. யாரும் படிச்சிடக் கூடாதுன்னு திருடியிருக்காங்க."

வெல்வெட்டின் ஓரத்தில் ஏதோ கிடந்தது. மேடம் அதை இரண்டு விரலால் எடுத்தார். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துணித் துண்டு. அதில் சிவப்பு நூலால் தைத்திருந்தது: 'கர். கால்.'

மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. "மிரட்டல். கர்னல் காலை உடைக்கப் போறாங்க."

ஐந்தாவது நிமிடம் தோட்டக்காரர் மண்வெட்டியோடு சிலைக்குக் காவல் நின்றார். எந்தக் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். இரண்டையும் என்றார் மேனேஜர்.

"மிரட்டுறவங்க பேப்பர்ல எழுதுவாங்க. நூல் கோத்துத் தைச்சுக்கிட்டிருக்க மாட்டாங்க," என்றார் மேடம். "இது துணிக்குப் போடுற குறி. இந்த விடுதியில துணிக்குக் குறி போடுறது யாரு?"

மேனேஜரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "சலவைக்கூடம். இஸ்திரியக்கா. அவளேதான். முத்திரை கிடைச்சதும் சலவைக்கூடத்தை இடிச்சுட்டு அங்க கர்னல் அருங்காட்சியகம் கட்டப் போறோம். துணியெல்லாம் இனிமே வெளியில காண்ட்ராக்ட். பதினோரு பொம்பளைங்களுக்கும் போன வாரம் நோட்டீஸ் குடுத்தாச்சு. அந்த வயித்தெரிச்சல்ல எடுத்திருக்கா. இப்பவே போலீசைக் கூப்பிடுறேன்."

"கூப்பிடலாம். பரீட்சை முடியறதுக்குள்ள பேப்பரைப் பிடுங்கறது எனக்குப் பிடிக்காது. மூணரை மணி வரைக்கும் பொறுங்க."

சலவைக்கூடம் விடுதியின் முதுகுப்பக்கம், ஊற்றின் வாயை ஒட்டி இருந்தது. விருந்தாளிகளின் கண்ணில் படாமலிருக்க நடுவில் ஒரு மூங்கில் தட்டி. தாழ்ந்த கூரை. வரிசையாகப் பன்னிரண்டு கல் தொட்டிகள். ஊற்று நீர் கல் வாய்க்கால் வழியாக ஒவ்வொரு தொட்டியிலும் விழுந்து வெளியேறிக்கொண்டிருந்தது. ஆவிக்குள்ளே பெண்கள் துணி அலசுவது நிழல்போலத் தெரிந்தது.

இஸ்திரியக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் கனமான இஸ்திரிப் பெட்டி, மேசையில் விருந்தாளி ஒருவரின் சட்டை. வந்தவர்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"பதிவேடு காணோம்னு சொன்னாங்க. இங்க வருவீங்கன்னு தெரியும். நோட்டீஸ் வாங்கினவங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். தேடிக்கங்க. அந்தத் தொட்டியில மட்டும் கையை விடாதீங்கண்ணே, வெந்துடும்."

"எனக்கு இருக்கிறது ஒரே ஜோடி," என்றார் கம்பவுண்டர். "விட மாட்டேன்."

மேடம் துணித் துண்டை நீட்டினார். "இதைப் பார்த்துச் சொல்லும்மா."

இஸ்திரியக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் துண்டை வாங்கினார். "கர்.னா யாருன்னு தெரியலை. கால்சட்டைக்குப் போட்ட குறி."

"கால்சட்டைன்னு எப்படித் தெரியும்?"

"கால்னா கால்சட்டைதானே. வேற என்ன?" அவர் சுவர் ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்து நீட்டினார். "நாங்க இன்னிக்கும் இப்படித்தான் எழுதுறோம்."

கம்பவுண்டர் வாய்விட்டுப் படித்தார். "அறை பன்னெண்டு. தலை நாலு. கை ஆறு. மேல் மூணு. கால் ரெண்டு. படுக்கை ரெண்டு." நிமிர்ந்தார். "பாவம், பெரிய குடும்பமா? இவ்வளவு நோயோட எப்படிம்மா வந்து சேர்ந்தாங்க?"

இஸ்திரியக்கா சிரித்துவிட்டார். "தலையணை உறை, கைக்குட்டை, மேல்சட்டை, கால்சட்டை, படுக்கை விரிப்பு. முழுசா எழுதிக்கிட்டிருந்தா துணி எப்ப துவைக்கிறது?"

சொல்லிக்கொண்டே துண்டை மூக்கருகே கொண்டுபோனவர் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா இது எங்க துணி இல்லைம்மா. இங்க இருக்கிற எல்லாத்துலயும் ஊத்து நாத்தம் அடிக்கும், என் தலைமுடி உள்பட. இதுல பழைய காகித வாசனைதான் வருது. நூல்ல தைக்கிறதையும் எங்கம்மா காலத்துலயே விட்டாச்சு. இப்ப மைதான்."

மேடம் துண்டைத் திரும்ப வாங்கி முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காய்ந்த இலைபோலத் தட்டையாக, சருகு நிறத்தில் இருந்தது.

"கம்பவுண்டர், நாம தப்பா நினைச்சுட்டோம். இதைத் திருட வந்தவங்க போட்டுட்டுப் போகலை. பதிவேட்டை எடுக்கும்போது அதுக்குள்ள இருந்து விழுந்திருக்கு. நூத்தம்பது வருஷமா அதுக்குள்ளயே இருந்திருக்கு."

"குணமானவங்க பதிவேட்டுல கால்சட்டைக் குறிக்கு என்ன வேலை?"

"அந்தச் சரித்திரத்தைப் பிரிங்க."

கம்பவுண்டர் 'குணமளித்த ஊற்று' நூலைப் பிரித்தார். பிரிக்கும்போது பசை விட்டு ஒரு சத்தம் வந்தது. பதினேழாம் பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"'முதலாண்டில் குணமடைந்தோர்: தலை நோய் 212. கை நோய் 340. மேல்வலி 180. படுத்த படுக்கையாய் வந்தோர் 96.' அடுத்த பத்தி. 'நோயாளிகள் பலருக்குக் கஞ்சி அளிக்கப்பட்டது. கஞ்சி பெற்றோர் விறைப்பாக நின்றதாகக் குறிப்பு உள்ளது. சுருக்கம் அனைவருக்கும் நீங்கியது. எல்லோரும் நன்கு வெளுத்தனர்.'"

தொட்டியோரம் நின்ற ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது பக்கத்துத் தொட்டிக்குப் பரவியது. இஸ்திரியக்கா துணிக் கூடையின் மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"ஏம்மா, அதனாலதான் விருந்தாளிங்களுக்குத் தினமும் காலையில உப்பில்லாத கஞ்சி ஊத்துறாங்களா?"

"கஞ்சி மருத்துவம்," என்றார் கம்பவுண்டர். "சுருக்கம் நீக்கும் குளியலும் சேர்த்து எடுத்தா ஒரு நாள் இலவசம். வாசல்ல போர்டு இருக்கு."

சிரிப்பு மெல்ல அடங்கியது. இஸ்திரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். பிறகு தொட்டிகளைப் பார்த்தார்.

"அப்போ அது எங்க புத்தகம்," என்றார். "இத்தனை நாளா கண்ணாடிக்குள்ள வெச்சு டிக்கெட் போட்டுக் காட்டினது எங்க கணக்கு நோட்டு."

கம்பவுண்டர் சரித்திரத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மேடம் கேட்டார்: "புரொபசர் துணி இங்க வருமா?"

"வந்ததே இல்லை. மூணு வாரம் முன்னாடி, வீட்டம்மா பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு அவரே மூட்டையைத் தூக்கிட்டு வந்தார். எண்ணிப் பார்த்துச் சீட்டு எழுதிக் குடுத்தேன். மேல் நாலு, கால் ரெண்டு, கை ஆறு, மேலுக்குக் கஞ்சி. சீட்டைப் பார்த்தவர் அப்படியே நின்னுட்டார். முகம் செத்துப் போச்சு. தண்ணி வேணுமா சார்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லாம போயிட்டார். துணியை வாங்க இன்னும் வரலை."

மேடம் எழுந்தார்.

விடுதியின் வாசிப்பு அறையில் புரொபசர் தன் நூலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். சட்டை மூன்று நாள் உடுத்திப் படுத்ததுபோல் கசங்கியிருந்தது. அறையில் ஆறு அடுக்காக, இடுப்பு உயரத்துக்குப் புத்தகங்கள். மாலையில் குழுவுக்குப் பரிசளிப்பதற்காக வந்தவை.

மேடம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். வணக்கம் சொன்னதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. வெறுமனே பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் எத்தனையோ பெரிய பையன்கள் தாமாகவே எழுந்து நின்று பையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள்.

புரொபசர் கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து அடுக்குகளையும் ஒன்றன் பின் ஒன்றாகப் பார்த்தார். ஜன்னலோரம் இருந்த ஆறாவது அடுக்கின் பக்கம் மட்டும் அவர் தலை திரும்பவே இல்லை.

"கம்பவுண்டர்," என்றார் மேடம், "ஜன்னல் பக்கம்."

கம்பவுண்டர் போய்க் குனிந்தார். எல்லாப் பிரதிகளுக்கும் பக்க ஓரம் பால் வெள்ளை. கீழிருந்து மூன்றாவதுக்கு மட்டும் பழுப்பு.

"சார், எனக்கு இது ஒண்ணு வேணும்."

"அது வேண்டாம்," என்றார் புரொபசர் அவசரமாக. "அதுல பிழை இருக்கு."

"மத்ததுல?"

புரொபசர் பேனாவை மூடினார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கம்பவுண்டர் மேலே இருந்தவற்றை இறக்கிவிட்டு அதை உருவினார். தங்க எழுத்து உறைக்குள்ளே தோல் அட்டை போட்ட பதிவேடு இருந்தது.

"எரிச்சிடலாம்னுதான் எடுத்தேன்," என்றார் புரொபசர். கை இன்னும் முகத்திலேயே இருந்தது. "தீப்பெட்டிகூட வாங்கிட்டேன். மனசு வரலை. முப்பது வருஷம் பசங்களுக்குச் சரித்திரம் சொல்லிக் குடுத்தவன் நான். எங்கேயாவது ஒளிச்சு வெக்கணும். இந்த ஊர்ல யாரும் திறக்காத புத்தகம் எதுன்னு யோசிச்சேன். என்னோடதுதான்னு புரிஞ்சுது."

"அச்சடிச்சது எத்தனை?"

"ரெண்டாயிரம். என் வகுப்புப் பசங்களுக்கெல்லாம் பாடமா வெச்சிருக்கேன் மேடம். போன வாரம் ஒரு பையன் எழுந்து நின்னு, கால் எப்படி சார் முளைக்கும்னு கேட்டான். உக்காருன்னு சொல்லிட்டேன்."

மேடம் மேசையிலிருந்த தண்ணீர் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

கம்பவுண்டர் அதற்குள் பதிவேட்டைப் பிரித்திருந்தார். "இதையா எட்டு மாசம் படிச்சீங்க? எங்க குழந்தை டாக்டர் கையெழுத்துக்கு முன்னாடி இது அச்சு சார்." விரலை வைத்துக்கொண்டு போனார். நின்றார். "மேடம், கர்னல் இங்க இருக்கார். 'கர்னல். வந்தது கால் 1. போனது கால் 2.' அடுத்த வரியை யாரும் படிக்கலையா? 'பள்ளிக்கூட வாத்தியார். வந்தது கால் 1. போனது இல்லை.'"

"மேல படிங்க."

"அடுத்த வாரம். 'வாத்தியார் கால் கேட்டு வந்தார். கர்னல் வீட்டில் கேட்டோம். இல்லை என்றார்கள்.' அதுக்கு அடுத்த வாரம். 'கர்னல் வீட்டில் மறுபடி கேட்டோம். நாயை அவிழ்த்து விட்டார்கள்.' அடுத்தது. 'கர்னல் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் போனதைப் பார்த்தோம்.' அப்புறம், 'வாத்தியாருக்கு வேறு இல்லை. இந்த வாரம் அவர் பள்ளிக்கூடம் போகவில்லை.'" கம்பவுண்டர் பக்கத்தைத் திருப்பினார். குரல் தணிந்தது. "'வாத்தியாருக்கு நாமே துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தோம். கர்னல் வீட்டுத் துணி இனிமேல் எடுப்பதில்லை.'"

அந்த வரிக்குக் கீழே காகிதத்தில் சிறு சதுரமாக ஒரு கறை இருந்தது. மேடம் துணித் துண்டை அதன் மேல் வைத்தார். ஓரத்துக்கு ஓரம் பொருந்தியது. துணி எடுப்பதை நிறுத்தியதும், கர்னலுக்காகத் தைத்து வைத்திருந்த குறியை அந்தப் பக்கத்திலேயே வைத்து மூடியிருக்கிறார்கள்.

"ஊர் நடுவுல பளிங்குல நிக்கிறது ஒரு கால்சட்டைத் திருடன்," என்றார் கம்பவுண்டர். "காவலுக்கு ஆள் வேற."

கதவு திறந்தது. மேனேஜர். மேசையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மச்சான் முகத்தைப் பார்த்ததும் வாடியது. மேடம் நாலு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் ஒரு புத்தக அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் குழுவுல பழைய எழுத்து படிக்கிறவங்க இருக்காங்களா?" என்றார்.

"தலைவியே அதுலதான் பட்டம் வாங்கினவங்க," என்றார் புரொபசர்.

"அப்போ சரி." மேனேஜர் எழுந்தார். "அதைக் குடுங்க. ஊத்துத் தண்ணியில முக்கி எடுத்துடலாம். நேத்து குழாய் உடைஞ்சுது, நனைஞ்சு கூழாயிடுச்சுன்னு சொல்லுவோம். பழைய அட்டை மட்டும் இருந்தாப் போதும், பழமைக்குச் சாட்சி."

அவர் கை நீட்டினார். புரொபசர் அதற்கு முன்னால் எழுந்து பதிவேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மச்சான், உன் மானத்துக்காகத்தான் சொல்றேன்."

"வேண்டாம் அத்தான். இந்த விடுதியில நிஜமா இருக்கிறது இது ஒண்ணுதான்."

மேனேஜர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "உங்களை வேலைக்கு வெச்சது நான்."

"கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சாச்சு. பிடிபட்ட பிட்டை விழுங்குறதுக்காகத் திருப்பிக் குடுக்குற பழக்கம் என்கிட்ட இல்லை. இன்னும் ஒண்ணு. இதுக்காகச் சலவைக்கூடத்துலேர்ந்து ஒருத்தங்களையும் போலீஸ் தொடக் கூடாது. அவங்க எடுக்கலை."

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. குழு பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது.

குழுத் தலைவி குள்ளமானவர். கையில் குடை, மூக்கில் தடித்த கண்ணாடி. உடன் இரண்டு பேர். மேனேஜர் மாலையோடும் வாழ்த்துரையோடும் முன்னால் ஓடினார். சிலையின் அருகே மண்வெட்டியோடு நின்ற தோட்டக்காரரைத் தலைவி ஏற இறங்கப் பார்த்தார். மேனேஜர் வாழ்த்துரையின் முதல் வரியைச் சொல்லி முடிப்பதற்குள் புரொபசர் குறுக்கே வந்தார். கசங்கிய சட்டையோடு, பதிவேட்டை நீட்டினார்.

"நான் இதைத் தப்பாப் படிச்சுட்டேன்மா. தெரிஞ்ச பிறகு ஒளிச்சும் வெச்சேன். இதைச் சரியாப் படிக்கத் தெரிஞ்சவங்க பின்கட்டுல இருக்காங்க."

மூங்கில் தட்டியை விலக்கிக்கொண்டு எல்லோரும் சலவைக்கூடத்துக்குப் போனார்கள். பதினோரு பெண்களும் ஈரக் கையோடு எழுந்து நின்றார்கள். இஸ்திரியக்கா மேசையில் சுத்தமான விரிப்பு ஒன்றை விரித்து, அதன் மேல் பதிவேட்டை வைத்தார். அரை மணி நேரம் போனது. எழுத்து புரியாத இடத்தில் கம்பவுண்டர் படித்தார், சொல் புரியாத இடத்தில் இஸ்திரியக்கா விளக்கினார். 'தலை' என்றால் என்ன என்று தெரிந்ததும் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உடன் வந்த ஒருவர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். வாத்தியார் பள்ளிக்கூடம் போகாத வாரம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"இந்தத் தண்ணி நோயைக் குணப்படுத்துமாம்மா?" என்று கேட்டார் தலைவி.

"நோய் தெரியாதும்மா. அழுக்கு போகும்."

தலைவி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "'எட்டாவது தொட்டி விரிந்தது. செம்புப் பட்டை போட்டோம்.'" எழுந்து தொட்டிகளை ஒன்று, இரண்டு என்று குடையால் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். எட்டாவதில் குனிந்தார். கல்லின் விரிசலுக்குக் குறுக்கே ஒரு உலோகப் பட்டை, பாசி படர்ந்து பச்சையாக இருந்தது. நகத்தால் சுரண்டினார். உள்ளே செம்பு மின்னியது.

அவர் நிமிர்வதற்குச் சற்று நேரம் பிடித்தது.

"உங்க விடுதிக் கட்டடத்துக்கு அறுபது வயசுகூட ஆகலை," என்றார் மேனேஜரிடம். "அதுக்கு முத்திரை கிடையாது. இந்தக் கூடத்துக்கு நூத்தம்பது முடிஞ்சிருக்கு. அன்னிக்கு நடந்த வேலை இன்னிக்கும் அதே தொட்டியில நடக்குது. இது எங்கேயும் கிடைக்காது. முத்திரை இதுக்குத்தான். ஆனா ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. வேலையும் நிக்கக் கூடாது. நின்னா முத்திரையும் போயிடும்."

"முத்திரை வந்தா விடுதியை விக்க மாட்டாங்க இல்லையா?"

"முத்திரை இருக்கிற இடத்தை விக்க முடியாது."

மேனேஜர் இரண்டு மூச்சு விடும் நேரம் யோசித்தார். பிறகு கோட்டைச் சரிசெய்துகொண்டு பெண்களின் பக்கம் போய் நின்றார். "நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டு வர்றேன்மா. இந்தச் சலவைக்கூடம்தான் எங்க உயிர்."

"அந்த நோட்டீஸ்?" என்றார் இஸ்திரியக்கா.

"எந்த நோட்டீஸ்?"

"உங்க கையெழுத்து போட்ட பதினோரு நோட்டீஸ். பத்திரமா வெச்சிருக்கோம். குழுவுக்குக் காட்டட்டுமா?"

"அதைக் கிழிச்சிடலாமே," என்றார் மேனேஜர்.

"நீங்களே கிழிங்க சார்."

பதினோரு பேரும் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேனேஜர் நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாகக் கிழித்தார். கடைசி இரண்டுக்குக் கை வலித்தது. கம்பவுண்டர் உதவட்டுமா என்று கேட்டார். மேடம் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

தலைவி மேசையில் படிவத்தை விரித்து எழுத ஆரம்பித்தார். ஆண்டு, அளவு, தொட்டிகளின் எண்ணிக்கை. "நிறுவனர் பெயர்?"

"எங்க வீட்டுல பேர் தெரியாதும்மா," என்றார் இஸ்திரியக்கா. "ஊத்துக்காரின்னுதான் சொல்லுவாங்க. எனக்கு அவங்க அஞ்சு தலைமுறைக்கு முன்னாடி."

கம்பவுண்டர் பதிவேட்டின் அட்டையைத் திறந்து, உள்பக்கத்தில் மங்கிக் கிடந்த மூன்று சொற்களை உற்றுப் பார்த்தார். குனிந்து இஸ்திரியக்காவின் காதருகே மெதுவாகச் சொன்னார். அவர் ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு சத்தமாகச் சொன்னார். தலைவி எழுதினார்.

"தொழில்?"

"தாதுநீர் மருத்துவ முன்னோடின்னு போடலாமே," என்றார் மேனேஜர்.

"துணி வெளுக்கிறவங்கன்னு போடுங்க," என்றார் இஸ்திரியக்கா.

தலைவி அப்படியே எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் படிவத்தைத் திருப்பிப் பேனாவோடு இஸ்திரியக்காவின் பக்கம் தள்ளினார். 'தற்போது பொறுப்பில் இருப்பவர்' என்று இருந்தது. மேனேஜர் ஒரு அடி முன்னால் வந்து, மேடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு அடி பின்னால் போனார்.

இஸ்திரியக்கா ஈரக் கையைத் துணியில் நன்றாகத் துடைத்தார். பெயரை நிதானமாக, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதினார். கட்டத்துக்குள் அடங்கவில்லை. கோட்டைத் தாண்டி ஓரம்வரை போனது. அடித்துவிட்டுச் சின்னதாக எழுதட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார் தலைவி.